மூன்று மணி வரைக்கும்

பகல் பதினொன்றே முக்கால். தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒற்றைத் தார்ச்சாலை. இரண்டு பக்கமும் வாய்க்கால். ஆள் நடமாட்டம் இல்லை... ஒரு நாய்கூட இல்லை. அந்தச் சாலையில் ஒரு ஆம்புலன்ஸ் சங்கு ஊதாமல் போய்க்கொண்டிருந்தது.

பேய்க்கதையில் பகலா என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம். ராத்திரி வருகிற பேயைப் பல்லைக் கடித்துக்கொண்டு விடியும்வரை பொறுத்துக்கொள்ளலாம். உச்சி வெயிலில் வருவது எப்போது போகும்? யாருக்கும் தெரியாது. கேட்க வேண்டாம் என்கிறவர்கள் இப்போதே அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் பாயை வார்டுச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். மருந்து வண்டி தள்ளுகிறவள் வந்தால் காலைப் பார்த்து ஓட்டமாட்டாள்.

நடந்தது யாருக்கு என்றால், நம் ஸுயென் இருக்கிறாளே... நான்காம் கட்டில்காரரின் மனைவி, இப்போது வெந்நீர் பிடிக்கக் கீழே போயிருக்கிறாள்... அவளுடைய ஒன்றுவிட்ட அக்காவுக்கு. பெயர் தோவா. ஸுயென் இல்லாதபோது சொல்லிவிடுவதுதான் நல்லது.

தோவாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்றால் என்ன அர்த்தம்? முதலில் அம்மா படுக்கையில் விழுந்தாள், அம்மா போனதும் அப்பா விழுந்தார், அதுதான் அர்த்தம்.

ஆம்புலன்ஸை ஓட்டியவர் தாட் என்று ஒரு நடுவயது ஆள், வாயில் பல்குச்சி. பின்னால் படுக்கையில் அப்பா, கியெம் பெரியவர், எண்பத்தொன்று. பக்கத்தில் தோவா. பெரியவர் தொண்டைக்குள் போயிருந்த குழாயின் நுனியில் ரப்பர் பை மாட்டியிருந்தது. மூச்சுப் பை. இந்த மாடியில் அதைப் பார்க்காதவர் யார்? அமுக்கினால் ஃபூஸ்... விட்டால் டக். அமுக்கினால் நெஞ்சு ஏறும், விட்டால் இறங்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி, ஐந்துக்கு அமுக்க வேண்டும். சைகோன் ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் ஒரே தடவை காட்டிக்கொடுத்தாள். அவ்வளவுதான் படிப்பு.

எதற்கு இந்தப் பாடு என்று நம்மில் ஒருவரும் கேட்கமாட்டோம். கடைசி மூச்சைச் சொந்த வீட்டுக்குள் விட வேண்டும். வழியில் போய்விட்டால் அவர் வெளியில் போனவர். உடம்பை வாசற்படி தாண்ட விடமாட்டார்கள். தெருவில் கித்தான் கட்டி, அங்கேயே கிடத்தி, அங்கிருந்தே எடுத்துவிடுவார்கள். அதனால்தான் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே ஆளை வீட்டில் சேர்த்து, அவருடைய பலகைக் கட்டிலில் கிடத்தி, அப்புறம் குழாயை எடுப்பது.

கியெம் பெரியவர் தன் விருப்பத்தை முன்கூட்டியே சொல்லிவைத்த மனிதர். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து ஏழு வருடம். வாய் கோணிப் பேச்சு குழறும். ஆனாலும் ஒரு நாள், தோவா முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“குழா... வேணாம். வீடு. இந்தப் பலகை மேல.”

“சரிப்பா.”

“சத்தியம் பண்ணு.”

“பண்றேன்பா. குழாய் கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது, இந்தப் பலகை மேலதான். போதுமா? திரும்பிப் படுங்க, முதுகு காயணும்.”

சத்தியம் இவ்வளவுதான். அதை அவள் காப்பாற்ற விட்டார்களா என்றால், அதுதான் இல்லை.

அண்ணன் ஒருவன் இருந்தான். வின். சைகோனில் குளியலறைக் கல் வியாபாரம். வருடத்துக்கு இரண்டு தரம் வருவான், புத்தாண்டுக்கும் அம்மா நினைவு நாளுக்கும். கையில் சத்துக்கு ஜின்செங் வேர் டப்பா. ஒரு தரம் முதுகு பிடித்துவிடுகிற நாற்காலியைக் கொண்டுவந்து இறக்கினான். உட்காரவே முடியாத மனிதருக்கு நாற்காலி. அது கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது, தோவா அதன் மேல் துணி காயப்போட்டாள். மற்ற நாளெல்லாம் போனில் உத்தரவு. உப்பைக் குறை. கஞ்சியை நன்றாக மசி. ஜன்னலைத் திற. ஜன்னலை ஏன் திறந்தாய். இரண்டு மணிக்கு ஒரு தரம் அப்பாவைப் புரட்டிப் போடுகிறாயா இல்லையா. புரட்டிப் புரட்டி அவள் இடுப்பு விட்டுப்போயிருந்தது, அதை அவன் கேட்டதே இல்லை.

ஒரு விடியற்காலையில் பெரியவருக்குக் கஞ்சி புரையேறி மூச்சு முட்டியது. தோவா பயந்துபோய் அண்ணனுக்குப் போன் போட்டாள். அங்கேதான் பிசகு. போனை எடுக்காமல் பத்து நிமிடம் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும் என்று அவளே பிற்பாடு எத்தனையோ தரம் புலம்பியிருக்கிறாள். அண்ணன் வண்டி அனுப்பினான். சைகோன் ஆஸ்பத்திரியில் டாக்டர், குழாய் போடவா என்று கேட்டார். வேண்டாம் என்றாள் தோவா. போனில் இருந்த அண்ணன் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னான்:

“அவ பேச்சைக் கேக்காதீங்க டாக்டர். மூத்த பையன் நான் சொல்றேன், போடுங்க. என்னென்ன உண்டோ எல்லாத்தையும் போடுங்க. அப்பனைச் சும்மா சாக விட்டுட்டான்னு நாளைக்கு ஊரு என்னைத்தான் பேசும்.”

போட்டார்கள். இருபத்திரண்டு நாள். குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று இடது கையைக் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். பெரியவர் கண்ணைத் திறந்து தோவாவையே பார்ப்பார். அதில் கோபம்கூட இல்லை. சத்தியம் என்ன ஆச்சு என்று கேட்கிற பார்வை. தோவா குளியலறைக்குப் போய், சத்தம் கேட்காமலிருக்கத் தண்ணீரைத் திறந்துவிட்டு, சுவரில் அறைவாள். கை வீங்கும். திரும்பி வந்து உட்காருவாள்.

இருபத்து மூன்றாம் நாள் காலையில் டாக்டர் கையை விரித்துவிட்டார். வீட்டில் வைத்துப் போகட்டும் என்றால் இன்றைக்கே கொண்டுபோங்கள் என்றார். தோவாவுக்கு முதல் தரமாக மூச்சு வந்தது. சத்தியத்தில் பாதியாவது மிஞ்சுமே. ஆனால் வின் அதற்குள் நாள் பார்க்கிறவரிடம் போய்வந்துவிட்டான். இரண்டிரண்டு மணிக்கு ஒரு மிருகத்தின் பேரில் நேரம் பிரிக்கிற கணக்கு இருக்கிறதே, அது.

“இன்னைக்குக் குதிரை நேரம், ஆட்டு நேரம் ரெண்டும் ஆகாதாம். பதினொண்ணுலேருந்து மூணு வரைக்கும். அதுக்குள்ள அப்பா போனா, பின்னாடியே வீட்டுல இன்னொரு ஆளையும் இழுத்துக்குவாராம். மூணுக்கு மேல குரங்கு நேரம். அப்ப போனா எல்லாருக்கும் நல்லது.”

“அப்பாகிட்ட யாரு சொல்றது, மூணு மணிக்கு மேல சாவுங்கன்னு?” என்றாள் தோவா.

“எதுக்கெடுத்தாலும் குதர்க்கம் பேசாத. பையை அமுக்கிக்கிட்டே வா. அவ்வளவுதானே வேலை.”

அவன் அண்ணியோடு காரில் ஏறி முன்னால் போய்விட்டான். வீட்டில் ஏற்பாடு பார்க்க வேண்டுமாம்.

இப்போது அந்தச் சாலைக்கு வாருங்கள்.

நம் பக்கம் பாலத்துக்குப் பஞ்சமா? வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் பத்தொன்பது பாலம், ஒரு படகுத் துறை. ஒவ்வொரு பாலத்துக்கும் முன்னால் காதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் போகிற உயிர் தண்ணீரைப் பார்த்துத் தயங்கி இக்கரையிலேயே நின்றுவிடும். தோவா குனிந்து குனிந்து சொல்லிக்கொண்டே வந்தாள்.

“அப்பா, பாலம் வருது. கூடவே வாங்க.”

ஃபூஸ்... டக். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஃபூஸ்... டக்.

வண்டிக்குள் பச்சைத் தைல வாடை. சூடான ரப்பர் வாடை. ஜன்னல் கண்ணாடியில் வெயில் அடித்துக் கண் கூசியது. பன்னிரண்டாவது பாலம் இரும்புத் தகட்டுப் பாலம். சக்கரம் ஏறியதும் தடதடவென்று ஆட்டியது. விரலில் மாட்டியிருந்த நாடி பார்க்கிற கிளிப் கீச்சென்று கத்தியது. அதில் எண் இல்லை... இரண்டு கோடு மட்டும்.

“அதைக் கழட்டிடுங்க அக்கா,” என்றார் தாட், திரும்பாமலே. “பாலத்து மேல அப்படித்தான் கத்தும்.”

பாலம் தாண்டியும் கத்தியது. தோவா கழற்றினாள். அப்பாவின் பாதத்தைத் தொட்டாள். பானைத் தண்ணீர்ச் சில்லிப்பு. முழங்காலும் அப்படியே. கண் பாதி திறந்திருந்தது. எங்கிருந்தோ ஒரு ஈ வந்து கண்மணியின் மேல் உட்கார்ந்தது... கால்களைத் தேய்த்துக்கொண்டது. இமை அசையவில்லை.

அவள் இடது கையால் போனை எடுத்தாள். வலது கை அதுபாட்டுக்கு அமுக்கிக்கொண்டிருந்தது.

“அண்ணே, அப்பா போயிட்டாருன்னு நினைக்கிறேன்.”

“மணி என்ன?”

“பன்னெண்டே கால்.”

போனில் கார் ஏசி இரைவது மட்டும் கேட்டது.

“போகலை,” என்றான் வின். “நீ என்ன டாக்டரா? நெஞ்சு ஏறி இறங்குதுல்ல?”

“நான் அமுக்குறேன், ஏறுது.”

“அப்பன்னா இருக்காரு. மூணு மணி வரைக்கும் அவர் போகலை. வீட்டுல சித்தப்பா வாசல்லயே நிக்கிறாரு. வழியில போச்சுன்னு ஒரு வார்த்தை விட்டின்னா அப்பா தெருவுலதான் கிடப்பாரு. அதுதான் வேணுமா உனக்கு? புரியுதா தோவா?”

கட் பண்ணிவிட்டான். தாட் கண்ணாடியில் பார்த்தார்.

“அமுக்குங்க அக்கா. இது நோயாளி வண்டி. உயிர் இல்லாத உடம்பை ஏத்த எனக்கு அனுமதி இல்லை. நான் ஒண்ணும் பாக்கலை, நீங்களும் ஒண்ணும் சொல்லலை.”

தோவா பையை அப்போதே தூக்கிப் போட்டிருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள், சத்தியம் பண்ணியவள் அவள். இந்தப் பலகை மேலதான் என்று சொன்னவள். இங்கே விட்டால் அப்பாவுக்கு வீடு இல்லை. அண்ணனுக்கு நேரம் வேண்டும், வண்டிக்காரருக்கு அனுமதி வேண்டும், அவளுக்கு வாசற்படி வேண்டும். மூன்று பேர் பொய்யும் அவள் ஒரு கையில் வந்து நின்றது.

அமுக்கினாள். நெஞ்சு ஏறியது.

“அப்பா, பாலம் வருது,” என்றாள். “கூடவே வாங்க.”

செத்தவரிடம் அதைச் சொல்லலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பழக்கத்தில் சொல்லிவிட்டாள். மிச்சம் ஏழு பாலத்துக்கும் சொன்னாள்.

படகுத் துறையில் வண்டி இருபது நிமிடம் நின்றது. டீசல் புகை, மீன் கூடை வாடை. சீட்டுக் கிழிக்கிறவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“உயிர் இருக்குல்ல? இல்லைன்னா தனிப் படகுலதான் போகணும்.”

தோவா அமுக்கிக் காட்டினாள். நெஞ்சு ஏறி இறங்கியதைப் பார்த்துவிட்டு அந்த ஆள் கதவைச் சாத்தினார். வண்டியோடு படகு நடு ஆற்றுக்கு வந்தபோது அவளுக்குக் கட்டைவிரல் சுளுக்கிக்கொண்டது. ஒரு நிமிடம்... ஒரே ஒரு நிமிடம் ஓய்வெடுத்தால் என்ன, யாருக்கு நஷ்டம் என்று நினைத்தாள். பையைத் தலையணை மேல் வைத்தாள். கையை உதறினாள். பிடிப்பு விடுவதற்காக வெறுங்கையை ஒரு தரம் மூடினாள்.

அப்பாவின் நெஞ்சு ஏறியது.

ஃபூஸ் இல்லை. டக் இல்லை. பை தலையணை மேல் அப்படியே கிடந்தது. கையைத் திறந்தாள். நெஞ்சு இறங்கியது.

படகு எஞ்சின் அதிர்ச்சி, வேறென்ன, என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பையை மறுபடி எடுத்துக்கொண்டாள். இன்னொரு தரம் சோதித்துப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. உங்களுக்கு வருமா?

வீடு வந்தபோது ஒன்று நாற்பது. வாசலில் சவப்பெட்டி வந்து இறங்கியாகிவிட்டது. சித்தப்பா கறுப்புச் சட்டையில் வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றார். ஊரே அவர் வாயைப் பார்த்தது.

“மூச்சு இருக்கா?”

“இருக்கு சித்தப்பா,” என்றான் வின். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

சித்தப்பா குனிந்து புறங்கையை நெஞ்சின் மேல் வைத்தார். தோவா அமுக்கினாள். புறங்கை ஏறி இறங்கியது. அவர் தோவாவின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். தெரிந்துகொண்டாரா, இல்லையா... வழியை விட்டு விலகினார்.

“உள்ள கொண்டுபோங்க. அண்ணன் வீட்டுக்கு வந்துட்டாரு.”

பலகையில் கிடத்தினார்கள். தலைமாட்டில் அம்மா படம், ஊதுவத்தி. தோவாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வந்துவிட்டார். எப்படியோ கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். இனிக் கையை எடுத்துவிடலாம் என்று நினைத்தபோது வின் காதருகே வந்தான்.

“இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு. விட்டுடாத.”

“விரல் மடங்க மாட்டேங்குது அண்ணே. நீ கொஞ்சம் பிடி.”

பிடித்தான். நான்கு தரம் அமுக்கினான். போன் அடித்தது, எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனவன் திரும்பவில்லை. அண்ணி நகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். தோவா மறுபடி உட்கார்ந்தாள். கால் மணி கழித்து அவன் எட்டிப் பார்த்தபோது கெஞ்சியே கேட்டாள்.

“ஏழு வருஷம் நான்தான் பாத்தேன். உன்னை ஒண்ணும் கேக்கலை. இந்த ஒரு மணி நேரம் நீ பாரு அண்ணே.”

“எனக்கு மனசு தாங்காது தோவா. அப்பாவை இந்தக் கோலத்துல பாக்க முடியலை. உனக்குப் பழக்கம், நீ செஞ்சிருவ.”

உனக்குப் பழக்கம். இந்த வார்த்தையை இந்த மாடியில் கேட்காதவர் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். பீ அள்ளினால் பழக்கம், ராத்திரி முழித்தால் பழக்கம். பிறக்கும்போதே பழகிக்கொண்டு பிறந்தோமா நாம்? தோவா அமுக்குவதை நிறுத்தவில்லை. செத்துப்போன அப்பாவுக்கு மூச்சு ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஃபூஸ்... டக். வெளியே சீட்டாட்டம், தேநீர், தர்பூசணி விதை கொறிக்கிற சத்தம்.

மூன்று மணி ஆயிற்று. எதற்கும் பத்து நிமிடம் தள்ளியே வைத்துக்கொள்வோம் என்றான் வின். மூன்று பத்துக்குத் தாட் குழாயை உருவினார். வின் மணியைப் பார்த்துவிட்டு, “அப்பா போயிட்டாரு,” என்று சொல்லி விழுந்து அழுதான். பொய் அழுகை என்று சொல்லமாட்டேன். நிஜமாகவே அழுதான். அதுதான் இன்னும் ஆத்திரம்.

உடம்பைத் துடைத்தார்கள். வாயில் அரிசி போட்டார்கள். முகத்தின் மேல் மெல்லிய வெள்ளைத் தாளை மூடினார்கள். ஆம்புலன்ஸ் பையோடும் குழாயோடும் போய்விட்டது. எல்லோரும் முற்றத்துக்குப் போக, பலகைக்குப் பக்கத்தில் தோவா மட்டும். மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். ஊதுவத்திப் புகை நேராகப் போய்க்கொண்டிருந்தது. காற்றே இல்லை.

மூக்குக்கு நேரே தாள் எழும்பியது.

இறங்கியது.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... மறுபடி எழும்பியது.

தோவா தன் மடியைப் பார்த்தாள். வலது கை அங்கே மூடித் திறந்துகொண்டிருந்தது. மூன்று மணி நேரம் செய்த வேலையை அதுபாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது. நிறுத்தினாள். தாள் நின்றது. மூடினாள். தாள் எழும்பியது.

அவள் அலறவில்லை. அலறி யாரைக் கூப்பிடுவது? அண்ணனையா? அப்பாவின் காதருகே குனிந்தாள். தாளுக்கு அடியிலிருந்து அரிசியும் பச்சைத் தைலமும் கலந்த வாடை வந்தது.

“அப்பா, உங்க வீடுதான். உங்க பலகைதான். நான் பிடிச்சு வெச்சது தப்பு. நீங்க கிளம்புங்க.”

உள்ளங்கையை விரித்து, தொடைக்கு அடியில் கொடுத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். எண்ணினாள். நான்கு. ஐந்து. பத்து. இருபது. தாள் அசையவில்லை. ஐம்பது வரை எண்ணியபின்தான் அவளுக்கு அழுகையே வந்தது. நிம்மதியான அழுகை.

முற்றத்தில் தேநீர்க் கோப்பை விழுந்து உடைந்தது.

“வின்னைப் பாருங்க, வின்னைப் பாருங்க,” என்று யாரோ கூவினார்கள். தோவா கையை எடுக்காமலே கழுத்தைத் திருப்பி வாசல் வழியே பார்த்தாள். வின் நாற்காலியிலிருந்து சரிந்து கிடந்தான். இரண்டு கையும் தொண்டையில். உதடு நாவற்பழ நிறம். வாய் திறந்திருந்தது, உள்ளே ஒன்றும் போகவில்லை. சித்தப்பா நெஞ்சைக் குத்தினார். அண்ணி தைலத்தைக் கொட்டினாள். தோவா பதறி எழுந்தாள், ஓடினாள். ஓடுகிறவள் கையை விரித்துக்கொண்டா ஓடுவாள்? விரல்கள் மூடிக்கொண்டன.

வின்னின் நெஞ்சு ஏறியது.

அவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். கையை மெல்லத் திறந்தாள். அண்ணனின் நெஞ்சு இறங்கியது, இறங்கிய இடத்திலேயே நின்றது. மூடினாள். ஏறியது. சுற்றி ஐம்பது பேர். தைலம் தடவு, காசால் முதுகைச் சுரண்டிக் காற்றை எடு, எலுமிச்சம்பழம் கொண்டா என்று ஆளுக்கொன்று கத்தினார்கள். அவள் கையை ஒருவரும் கவனிக்கவில்லை. வின் மட்டும் கவனித்தான். கண்ணீர் வழிய, அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

யாரும் இப்போது எழுந்து போகாதீர்கள், இன்னும் முடியவில்லை.

அதற்கப்புறம் ஐந்து வருடம். வின் போகாத ஆஸ்பத்திரி இல்லை. படம் எடுத்தார்கள், நெஞ்சுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை என்று காகிதம் கொடுத்தார்கள். தோவாவின் கை நிற்கவே இல்லை. தூங்கும்போதும் விரல்கள் மடங்கி விரிந்தன. நரம்புக் கோளாறு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இடது கையால் சாப்பிடவும் துணி துவைக்கவும் பழகிக்கொண்டாள். பழக்கம்தானே அவளுக்கு.

அண்ணனின் போனும் நிற்கவில்லை. ஆனால் உத்தரவு போய்விட்டது. “சாப்பிட்டியா தங்கச்சி?” “கை வலிக்குதா தங்கச்சி?” கைக்குத் தடவும் களிம்பு வந்தது, வெந்நீர் ஒத்தடப் பை வந்தது. வாளி தூக்காதே, கத்தி பிடிக்காதே என்று வேலைக்கு ஆள் வைத்தான். அவள் இருமினால் அவனுக்கு வேர்த்தது. அவள் ஒரு தரம் கேட்டாளாம், “அப்பாவை இப்படி ஒரு நாள் கேட்டிருக்கியா அண்ணே?” என்று. அவன் போனை வைக்கவும் பயந்துகொண்டு அப்படியே பிடித்துக்கொண்டிருந்தானாம்.

அவளுக்கும் வயது ஏறுமா இல்லையா? ஐம்பத்தேழு. மூட்டுக்கு மூட்டு வாதம். போன வாரம் வாடைக்காற்று அடித்ததே, அந்த விடியற்காலையில் வலது விரல்கள் மரத்துப்போய் மடங்கவே இல்லை. சைகோனில் வின் கட்டிலிலிருந்து விழுந்தான். இங்கே தோவா இடது கையால் வலது விரல்களைப் பிடித்து ஒவ்வொரு தரமும் மடக்கி விரித்து, பக்கத்து வீட்டுக்காரியை விட்டுப் போன் போடச் சொன்னாள்.

“அண்ணே, ரெண்டு கையும் ஓஞ்சுபோச்சு. நீ வந்துரு.”

அவன் வந்து சேர மூன்று மணி நேரம். அவள் கொண்டுவந்து சேர்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டு பேரும் இங்கேதான் இருக்கிறார்கள். நமக்கு மேலே, மூன்றாம் மாடி, எலும்பு வார்டு, ஜன்னலோரக் கட்டில். கை அசையாமல் ஆறு வாரம் மாவுக்கட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விரல் போய்விடும் என்று டாக்டர் சொல்கிறார். வேண்டாம் என்று வின் காலில் விழுகிறான். மூத்தவர் பேச்செல்லாம் கிடையாது, நோயாளி சொல்லட்டும் என்கிறார் டாக்டர். தோவா யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

அதுவரைக்கும் வின்தான் பார்த்துக்கொள்கிறான். ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தங்கையின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்து, விரல்களை மடக்கி விரித்துக்கொண்டே இருக்கிறான். ஐந்து நாளாக. கடைக்குப் போகவில்லை, குளிக்கவில்லை. கழிப்பறைக்குப் போனால் அவளையும் கூட்டிக்கொண்டு போகிறான். தோவா குறட்டை விட்டுத் தூங்குகிறாள். பன்னிரண்டு வருடத்துத் தூக்கம் பாக்கி இருக்கிறது அவளுக்கு.

ஸுயென் வெந்நீர் பிடித்துக்கொண்டு போவது அவர்களுக்குத்தான். சாயங்காலம் போனபோது வின்னுக்குத் தலை தொங்கித் தொங்கி விழுந்துகொண்டிருந்ததாம். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. தோவா முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். அவன் கேட்டானாம்:

“தோவா... முடியலைம்மா. நான் ஒரு பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கட்டுமா? நீ பாத்துக்குவியா?”

தோவா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஸுயென் வெந்நீரை வைத்துவிட்டு, காலிப் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு, கதவு வரை வந்து திரும்பிப் பார்த்தபோதும் அப்படியேதான் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

இன்னும் பதில் சொல்லவில்லை.